பிரேத மனிதனும் புதுமைப்பித்தனும்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் அறியப்படும் ஊர். களிமண்ணைப் பிசைந்து உருவாக்கிச் சூளையில் சுட்டெடுக்கும் அத்தொழில் அங்குப் பெருகுவதற்கு முன்னரே, அவ்வூரின் பெயரைத் தாங்கிய ஒருவர் படைப்போனுக்கும் படைக்கப்பட்ட உருவுக்கும் இடையிலான உறவைத் தமிழ்ப் புனைகதையின் பொருளாக்கிவிட்டு மறைந்திருந்தார். அவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன். முதுகுன்றம் எனப் பொருள்படும் இயற்பெயரை உடையவர் புதுமையின்மேல் பித்துக் கொண்ட புனைபெயரால் நிலைபெற்றது சுவையான முரண்.

விருத்தாசலம் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, திருப்பாதிரிப்புலியூரில், 1906 ஏப்ரல் 25 அன்று அவர் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியாளர். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தை ஓய்வு பெற்றபின் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கு இந்துக் கல்லூரியில் 1931இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் கமலாவை மணந்தார். 1933இல் தோன்றிய மணிக்கொடி அவருக்குக் களம் அமைத்தது. பின்னர்த் தினமணியிலும் தினசரியிலும் பணியாற்றினார். இதழியற் பணி பிழைப்புக்கு வழிசெய்தது, வறுமையை நீக்கவில்லை.

அவர் மொழிபெயர்த்த நூல்களுள் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் தனித்து நோக்கத்தக்கது. 1818இல் ஆசிரியர் பெயரின்றி இலண்டனில் வெளிவந்த அந்நாவலில், விக்டர் என்னும் மாணவன் பிணவறையிலும் கொலைக்களத்திலும் திரட்டிய உறுப்புகளைக் கொண்டு ஓர் உருவை அமைத்து உயிரூட்டுகிறான். அது கண் விழித்ததும் அஞ்சி ஓடுகிறான். கேடு அறிவியலால் மட்டும் விளையவில்லை. உயிர் கொடுத்தவன் அவ்வுயிரை ஏற்க மறுத்ததே பின்வரும் கொலைகளுக்கெல்லாம் வித்தாகிறது. நாவலின் துணைத்தலைப்பு மண்ணால் மனிதனை வனைந்ததாகக் கிரேக்கத் தொன்மம் கூறும் புரோமிதியஸை நினைவூட்டுவது. புதுமைப்பித்தனோ தமிழாக்கத்திற்குப் பிரேத மனிதன் எனத் தலைப்பிட்டார்.

இத்தலைப்பு ஆய்வுக்குரியது. மூலத்தில் அவ்வுருவுக்குப் பெயரில்லை. ஆங்கில உலக வழக்கில் படைத்தவன் பெயரே நாளடைவில் அதன்மீது ஏறிவிட்டது. தமிழ்த் தலைப்பு படைத்தவனை விலக்கிப் படைக்கப்பட்டதை முன்னிறுத்துகிறது. பிரேதம் என்பது பிணத்தை மட்டும் குறிப்பதன்று. இறந்தும் பிதிரரோடு சேராமல் இடைநிலையில் நிற்கும் உயிரையும் ஈமச்சடங்கு மரபு அவ்வாறே வழங்கும். ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் விளைவு ஒரே சொல்லால் தமிழர் அச்ச உலகிற்குள் வந்துவிடுகிறது. அதனோடு மனிதன் என்னும் சொல்லைச் சேர்த்தமை அதனினும் முதன்மையானது. அரக்கன் என்றோ பூதம் என்றோ அவர் அழைத்திருக்கலாம்.

அவருடைய சொந்தக் கதைகளிலும் இதே சிக்கல் வேறுவேறு வடிவில் வருகிறது. பிரம்ம ராக்ஷஸ், உடல் போயும் வேட்கை போகாத நிலையைப் பேசுகிறது. காஞ்சனையில் நள்ளிரவுப் பிணவாடை, படித்தவனின் பகுத்தறிவைச் சொந்த வீட்டுக்குள்ளேயே நிலைகுலையச் செய்கிறது. சிற்பியின் நரகத்தில் தான் வடித்த நடராசர் சிலையே கனவில் சாத்தனை வதைக்கிறது. ஆயினும் ஷெல்லியின் வினாவுக்கு மிக அருகில் வருவது சாபவிமோசனமே. கல் உயிர் பெறுகிறது, உயிர்ப்பித்தவன் இராமன். ஆனால் மீண்ட அகலிகைக்கு உலகம் இடம் தரவில்லை. சீதை தீப்புகுந்த செய்தியை அறிந்ததும் அவள் மீண்டும் கல்லாகிறாள். உயிர் தந்தவனே அவ்வுயிர் வாழ்வதற்கான நம்பிக்கையை அழித்துவிடுகிறான். பேயோ பிணமோ இல்லாத இக்கதை, காஞ்சனையைக் காட்டிலும் கொடிது.

மொழிபெயர்ப்பை ஏற்றுத் தழுவலைக் கடுமையாகச் சாடியவர் அவர். கல்கியோடு இதுபற்றிப் பூசலும் நிகழ்ந்தது. எனினும் அவருடைய கதைகள் சில மாப்பசானைத் தழுவியவை என்னும் குற்றச்சாட்டு அவர்மீதே எழுந்தது. பிறர் உறுப்புகளால் ஆன உடலுக்குத் தனி உயிர் உண்டா என்பது அவரைப் பொறுத்தவரை வெறும் கதைப்பொருளாக மட்டும் இருக்கவில்லை. தழுவல் என ஐயுறப்பட்டவற்றை நீக்கினாலும் மேற்கூறிய கதைகளின் தனித்தன்மை குறைவதில்லை. அக்குற்றச்சாட்டை மறைப்பதால் ஆய்வுக்கு ஆவதும் ஒன்றில்லை.

இறுதி ஆண்டுகளில் திரைத்துறை அவரை ஈர்த்தது. சொந்தமாகத் தொடங்கிய படநிறுவனம் நிலைக்கவில்லை. ராஜமுக்தி படத்திற்காகப் புனே சென்றபோது காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில், நாற்பத்திரண்டாம் அகவையில், மனைவியையும் பெண் குழந்தையையும் விட்டு மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குப்பின் தொ.மு.சி. ரகுநாதன் அவர் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 2002இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின.