ஹைப்பேஷியாவும் பாலில் மிதந்த குழாயும்

இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தேன். அம்மா பால்வெட்டி முடித்து வாளியோடு ஸ்டோருக்குப் போவார். அங்கே கொஞ்சம் பாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, உயரமான பாத்திரத்தில் ஊற்றி, அதற்குள் ஒரு குழாயை மிதக்க விடுவார்கள். அடியில் பாரம், தண்டில் கோடுகள். பெயர் மெட்ரோலாக். இறப்பர் தண்ணீரைவிட இலேசு. ஆகவே பால் கெட்டியாக இருந்தால் குழாய் ஆழ இறங்கும், தண்ணீர் கூடினால் மேலே நிற்கும். பியர் காய்ச்சுபவர்களும் இதே மாதிரிக் குழாயைத்தான் பாவிக்கிறார்கள். அங்கே நேர்மாறு: சீனி கூடினால் குழாய் மேலெழும்பும், குறைந்தால் இறங்கும்.

கணக்குக் குறைந்த நாளில் அம்மாவுக்குக் கிடைத்தது திட்டு. தண்ணீர் கலந்துவிட்டாராம். இரவு மழை சிரட்டைக்குள் விழுந்திருக்கலாம், மரத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டியிருக்கலாம், பாலைச் சரியாகக் கலக்காமல் அளந்திருக்கலாம். பாலில் தண்ணீர் கூட என்று மட்டுமே குழாய் சொல்லும். யார் ஊற்றியது என்று அதற்குத் தெரியாது.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. நாங்கள் வவுனியாவுக்கு வந்தோம். பல வருடங்களுக்குப் பிறகுதான் அந்தக் குழாயின் பழைய கதையைப் படித்தேன். அதில் ஒரு பெண் இருந்தார்.

ஹைப்பேஷியா எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நான்காம் நூற்றாண்டில் பிறந்தவர். தந்தை தியோன் கணித அறிஞர். தொலமியின் வானியல் நூலுக்குத் தான் எழுதிய உரையின் மூன்றாம் பகுதியைத் திருத்தியவர் மகள் என்று தியோனே குறித்து வைத்திருக்கிறார். ஹைப்பேஷியா திருமணம் செய்யவில்லை. மெய்யியலாளர்களின் மேலங்கியை அணிந்து, கணிதமும் மெய்யியலும் கற்பித்தார். கிறிஸ்தவர்களும் பழைய தெய்வங்களை வணங்கியவர்களும் ஒரே வகுப்பில் இருந்தார்கள்.

மாணவர்களில் ஒருவர் சினேசியஸ், பின்னாளில் ஆயரானவர். தன் கஷ்டகாலத்தில் ஒரு கருவி தேவைப்படுவதாக அவர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார். தண்டில் கோடுகள் வெட்டிய குழாய், நீரில் நிமிர்ந்து நிற்க அடியில் கூம்பு வடிவப் பாரம். அந்த வர்ணனையை வாசித்தபோது ஸ்டோர் வாசலில் அம்மாவோடு நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

412இல் சிரில் நகரின் பேராயரானார். அவருக்கும் ஆளுநர் ஒரெஸ்டஸுக்கும் அதிகாரப் போட்டி. இருவரும் கிறிஸ்தவர்களே, ஆகவே இதை வெறும் மதச்சண்டை என்று சொல்லிவிட முடியாது. ஆளுநர் ஹைப்பேஷியாவிடம் ஆலோசனை கேட்பவர். இருவரையும் சமாதானமாக விடாமல் தடுப்பவள் இவள்தான் என்று ஊரில் கதை பரவியது. கதை பரவினால் அடுத்து என்ன வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 415 மார்ச்சில் ஒரு கும்பல் அவரை வண்டியிலிருந்து இழுத்து, தேவாலயமொன்றுக்குக் கொண்டுபோய், ஓட்டுத் துண்டுகளால் கொன்றது. உடலை எரித்தது.

அன்றுதான் அலெக்சாந்திரியா நூலகமும் எரிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. யாழ்ப்பாண நூலகத்தை நினைத்துக்கொண்டு நாமும் அப்படி நம்ப விரும்புகிறோம் போலும்.

அதே காலத்தில் வாழ்ந்த திருச்சபை வரலாற்றாசிரியர் சொக்ரட்டீஸ் இந்தக் கொலையைக் கண்டித்து எழுதினார். ஏழாம் நூற்றாண்டில் நிக்கியூ ஆயர் யோவான் கொலையை நியாயப்படுத்தினார். அவர் கண்ட குற்றம், அந்தப் பெண் மாந்திரீகத்திலும் வானத்தை அளக்கும் கருவிகளிலும் மூழ்கிக் கிடந்தது. அளவுகோலே சாட்சியமாகிவிட்டது.

சினேசியஸ் இந்தக் கொலையைக் காணவில்லை. மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்து, படுக்கையிலிருந்து தன் ஆசிரியைக்கு எழுதி, அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய கடிதங்களில் நூற்றைம்பதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. ஏழு ஹைப்பேஷியாவுக்கு எழுதியவை. ஹைப்பேஷியா எழுதிய பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.