கற்றுத் தெளிந்தவர்

ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாளைத் தேசியக் கல்வி நாளாக நம் பள்ளிகளில் கொண்டாடுகிறோம். அது, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரான மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் பிறந்தநாள். அவர் பள்ளி சென்று பயின்றவர் அல்லர்.

ஆசாத் 1888ஆம் ஆண்டு மெக்காவில் பிறந்தார். பின்னர் அவருடைய குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. தந்தை கைருதீன் சீடர் பலரைப் பெற்ற மார்க்க அறிஞர். மேலைக் கல்வி சமயப் பற்றைக் குலைத்துவிடும் என்று அஞ்சிய அவர், மகனுக்கு வீட்டிலேயே அரபு, பாரசீகம், தத்துவம், கணிதம் ஆகியவற்றைக் கற்பிக்கச் செய்தார். பிறர் இருபது வயதைக் கடந்து முடிக்கும் அப்பாடங்களை ஆசாத் பதினாறு வயதிலேயே முடித்தார்.

அக்காலத்தில் சர் சையது அகமது கானின் நூல்களை அவர் படித்தார். புதிய கல்வியும் வேண்டும் என்று உணர்ந்தார். பாரசீக, உருது விவிலியங்களை ஆங்கில விவிலியத்தோடு ஒப்பிட்டு, அகராதியின் துணையால் ஆங்கிலம் கற்றார்.

அறிவு வளர வளர ஐயமும் வளர்ந்தது. சமயங்கள் யாவும் ஒரே உண்மையைக் கூறுமாயின் அவற்றிடையே பூசல் ஏன்? முன்னோர் நம்பினர் என்பதற்காகவே ஒன்றை நம்புதல் தகுமா? தந்தை போற்றிய மரபையே வினவ நேர்ந்ததால் மனம் அமைதியின்றித் தவித்தது. வழிவழி வந்த கட்டுகளிலிருந்து விடுபட்டதற்கு அடையாளமாக, விடுதலை பெற்றவர் எனப் பொருள்படும் 'ஆசாத்' என்னும் பெயரைப் புனைந்துகொண்டார்.

பின்னர், தாமே ஆராய்ந்து பெற்ற உறுதியோடு குர்ஆனை அணுகினார். பிறர் உரைகளையே சார்ந்திராமல் மூலத்தை நேரே பயின்று, உருதுவில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதத் தொடங்கினார். 1912இல் அவர் தொடங்கிய 'அல்ஹிலால்' இதழின் விடுதலைக் குரல் ஆங்கில அரசுக்குப் பொறுக்கவில்லை. 1916இல் வங்காளத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார். காவலர்கள் கைப்பற்றிச் சென்ற கையெழுத்துப்படிகள், திரும்பக் கிடைத்தபோது சிதைந்து கிடந்தன. பல்லாண்டு உழைப்பு வீணாயிற்றே என்று மனம் சோர்ந்தபோதும், மீண்டும் எழுதினார். அந்நூல் 'தர்ஜுமானுல் குர்ஆன்' எனப்படும். வழிபாட்டு முறைகள் வேறுபடினும், ஓர் இறைவனை வணங்கி நல்லறம் செய்தலே சமயங்களின் அடிப்படை என்பது குர்ஆனில் அவர் கண்ட தெளிவு.

1947 முதல் 1958இல் மறையும் வரை அவர் கல்வி அமைச்சராகப் பணியாற்றினார். வினவுதல் பெரியோரை அவமதிப்பதன்று. உண்மையை நாடும் வழி என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
பூசல் – சண்டை
மார்க்கம் – சமயநெறி

விடை தருக
1. ஆசாத் ஆங்கிலம் கற்ற முறை யாது?
2. 'ஆசாத்' என்னும் பெயரை அவர் ஏன் சூடினார்?
3. நீ கேட்க விரும்பிய ஒரு வினாவையும், அதற்கு நீ விடை தேடிய முறையையும் ஐந்து வரிகளில் எழுதுக.