பந்து பொறுக்கிப் போட்டவர் உலகத்தை வென்ற கதை



2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கவிருக்கும் ஒலிம்பிக்கில் முதல்முறையாக ஸ்குவாஷ் விளையாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். நம் சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் ஆகியோரால் இந்த ஆட்டத்தின் பெயர் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த ஆட்டத்தின் பெரிய முன்னோடி ஒருவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஹாஷிம் கான். பெஷாவர் பக்கத்துக்காரர். பிரிவினைக்கு முன் அந்த ஊரும் நம் ஊரும் ஒரே தேசத்தில்தான் இருந்தன.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டென்னிஸில் நடுவே வலை இருக்கும், இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். ஸ்குவாஷில் வலை கிடையாது. சுமார் 32 அடி நீளம், 21 அடி அகலமுள்ள ஓர் அறைக்குள் இருவரும் ஒரே பக்கம் நின்று, சிறிய ரப்பர் பந்தை எதிர்ச் சுவரில் மாறி மாறி அடிக்க வேண்டும். திரும்பி வரும் பந்து தரையில் இரண்டாவது முறை படுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மூச்சு வாங்கும் ஆட்டம் இது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ராணுவ அதிகாரிகளுக்காக இந்தியாவில் பல இடங்களில் இதற்கு மைதானம் கட்டினார்கள்.

ஹாஷிம் கான் பிறந்தது பெஷாவர் அருகே நவாக்கிலி என்ற சிற்றூரில். பிறந்த தேதியை எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. 1914 என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அப்பா அப்துல்லா கான், பெஷாவரில் ஆங்கிலேய அதிகாரிகள் கிளப்பில் பணியாளர்களுக்குத் தலைவராக இருந்தவர். ஹாஷிமுக்குப் பதினொரு வயது ஆனபோது அப்பா கார் விபத்தில் இறந்துபோனார். பையன் படிப்பை விட்டுவிட்டு, அதே கிளப்பில் பந்து பொறுக்கிப் போடும் வேலைக்கும் மைதானத்தைக் கூட்டும் வேலைக்கும் சேர்ந்தான்.

அங்கிருந்த மைதானங்களுக்குக் கூரை இல்லை. பந்து சுவரைத் தாண்டி வெளியே விழுந்தால் ஓடிப்போய் எடுத்துவருவதுதான் அவனுடைய வேலை. வெயில் ஏறியதும் அதிகாரிகள் போய்விடுவார்கள். காலியாகக் கிடக்கும் மைதானத்தில், அவர்கள் கழித்துப்போட்ட பந்தை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு அவன் ஆடுவான். எதிரே ஆட ஆள் கிடையாது. தானே அடித்து, அதைத் தானே எடுத்து, தனக்குத் தானே எதிரியாக ஆடினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் விளையாட்டில் இரண்டு சாதி உண்டு என்றே சொல்லலாம். பொழுதுபோக்குக்கு ஆடும் கனவான்கள் ஒரு பக்கம். அவர்களுக்குப் பந்து போட்டுப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் மறுபக்கம். இந்த ஊழியர்களைத்தான் தொழில்முறை ஆட்டக்காரர் என்றார்கள். இன்று அந்தச் சொல்லுக்குப் பெரிய கௌரவம் இருக்கிறது. அன்று கிளப்பின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் என்றுதான் அதற்குப் பொருள். ஹாஷிம் கான் 1942-இல் விமானப்படை அதிகாரிகள் மெஸ்ஸில் இப்படி ஒரு பயிற்சியாளர் ஆனார். 1944-இல் பம்பாயில் நடந்த அகில இந்தியத் தொழில்முறைப் போட்டியில் வென்றார். அடுத்தும் இரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

1947-இல் தேசம் இரண்டானது. அவர் பாகிஸ்தானில் தங்கிவிட்டார். அவருடைய உறவினரும் நல்ல ஆட்டக்காரருமான அப்துல் பாரி பம்பாயிலேயே இருந்துவிட்டார். 1950-இல் பாரியை இந்தியா லண்டனுக்கு அனுப்பியது. அங்கே நடக்கும் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியைத்தான் அன்று உலகப் பட்டத்துக்குச் சமமாக மதித்தார்கள். பாரி இறுதி ஆட்டம் வரை வந்து, எகிப்தின் மஹ்மூத் கரீமிடம் தோற்றார்.

ஹாஷிம் கான் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிவினைக்கு முன் பாரியைப் பலமுறை தோற்கடித்தவர் அவர். ஆனால் லண்டன் போய்வரப் பணம் வேண்டுமே! வயதும் முப்பத்தேழை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டமே பிரதானமான ஓர் ஆட்டத்தில் அது ஓய்வு பெறும் வயது. முதல்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பும் வயது அல்ல. இருந்தும் அவர் கேட்டார். பாகிஸ்தான் அரசும் விமானப்படையும் செலவை ஏற்றுக்கொண்டன.

1951-இல் லண்டன் போனார். கரீம் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் வென்று உச்சத்தில் இருந்தவர். ஹாஷிம் கான் ஐந்தடி நான்கு அங்குல உயரம்தான். இறுதி ஆட்டத்தின் கணக்கு 9-5, 9-0, 9-0. முதல் செட்டில் ஐந்து புள்ளி எடுத்த சாம்பியன், அடுத்த இரண்டு செட்டில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அதன் பிறகு 1956 வரை ஆண்டுதோறும் பட்டம் அவருக்கே. 1957-இல் உறவினர் ரோஷன் கானிடம் தோற்றார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1958-இல் திரும்பி வந்து ஏழாவது முறையாக வென்றார். அப்போது வயது நாற்பத்து நான்கு!

நம் பெரியபட்டினம் பக்கத்தில் இது தெரிந்த வழக்கம்தான்: வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ முதலில் போன அண்ணன், காலூன்றியதும் தம்பியைக் கூப்பிட்டுக்கொள்வார். ஹாஷிம் கானும் அதைத்தான் செய்தார். தம்பி அஸாம் கானுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து லண்டனுக்கு அழைத்துப் போனார். இறுதி ஆட்டத்தில் அண்ணனும் தம்பியுமே மோதும் நிலை வந்தது. 1959 முதல் 1962 வரை பட்டம் தம்பியிடம் இருந்தது. ரோஷன் கானின் மகன் ஜஹாங்கீர் கான் பிற்காலத்தில் அதே போட்டியைப் பத்து முறை வென்றார். ஒரு மனிதருக்குக் கிடைத்த ஒரு பயணச் சீட்டு, ஒரு குடும்பத்துக்கே வழி திறந்துவிட்டது.

1960-களின் தொடக்கத்தில் ஹாஷிம் கான் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் பயிற்சியாளராகக் குடியேறினார். பிறகு டென்வர் நகருக்கு மாறினார். அன்றைய அமெரிக்க ஸ்குவாஷில் பந்து கெட்டி, அறை ஒடுக்கம். கிட்டத்தட்ட வேறு ஆட்டம். அதையும் கற்றுக்கொண்டு யு.எஸ். ஓப்பனை மூன்று முறை வென்றார். பன்னிரண்டு பிள்ளைகள். மூத்த மகன் ஷரீஃப் கான் வட அமெரிக்க ஓப்பனைப் பன்னிரண்டு முறை வென்றவர். தந்தை முதுமையிலும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. மூத்தோர் போட்டிகளில் ஆடினார், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

2014 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காலமானார். ஏறக்குறைய நூறு வயது. அதே மாதத் தொடக்கத்தில்தான் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னாவும் தீபிகாவும் இரட்டையர் ஸ்குவாஷில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்திருந்தார்கள்.

இந்த வாழ்க்கையை வரவு செலவாகப் பார்த்தால், உழைப்பு முழுவதும் அவருடையது. வெளியிலிருந்து வந்த வரவு இரண்டே இரண்டு. ஒன்று, பிற்காலத்தில் கிடைத்த பயணச் செலவு. அதைவிடப் பெரியது முதலாவது: ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கூலிக்காரப் பையன் மைதானத்தில் ஆடியதை யாரும் தடுக்கவில்லை. கிளப்புக்கு அதனால் ஒரு காசும் நஷ்டம் இல்லை.

இதை ஏன் நம் இதழில் எழுதுகிறேன் என்றால், வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் ஷட்டில் மைதானத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. உறுப்பினர் அல்லாதவர் யாரும் இறங்கக் கூடாது என்று போர்டு வைக்கலாமா என்பது கேள்வி. வெளியாட்கள் வருவதைத் தடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகளும், துப்புரவுப் பணி செய்யும் அம்மாக்களின் பிள்ளைகளும் வெளியாட்களா? வாய்க்காலில் விழுந்த இறகுப்பந்தை எடுத்துத் தருவது பெரும்பாலும் அவர்கள்தானே!

மாலை மூன்றரை முதல் நாலரை வரை மைதானம் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம் என்று தீர்மானம் கொடுக்கப் போகிறேன். நாம் கழித்துப்போடும் பழைய மட்டைகளை அலுவலக அறையில் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தால் போதும். சங்கத்துக்குச் செலவு இல்லை. கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள், உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.