விரல் அறிந்த எழுத்து

இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896ஆம் ஆண்டு ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு எவ்வளவு முயன்றும் தையல் வரவில்லை. மாண்டிசோரி ஊசியை விலக்கிவிட்டு, காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பாய்போல் முடையப் பழக்கினார். பிறகு ஊசியைக் கொடுத்தபோது அவள் தைத்தாள். ஒரு செயலைச் செய்யச் சொல்லுமுன், அதற்குரிய அசைவைக் கைக்குப் பழக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்தார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றதும் தனித்துத் திரிந்த சுமார் ஐம்பது குழந்தைகள் அங்கே சேர்ந்தனர். எழுதப் படிக்கவும் கற்பிக்க வேண்டுமெனத் தாய்மார் வேண்டினர். அத்தாய்மாருள் பலர் எழுத்தறியாதவர்.

மாண்டிசோரி உடனே குழந்தைகளை எழுதச் சொல்லவில்லை. வட்டம், சதுரம் முதலிய உலோக வடிவங்களின் விளிம்பை ஒட்டிக் கோடு வரைந்து, உள்ளே வண்ணப் பென்சிலால் நிரப்பச் செய்தார். இதனால் பென்சிலைப் பிடிக்கும் விரல்கள் உறுதி பெற்றன. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளை, எழுதும் திசையிலேயே விரலால் தடவச் செய்தார். இதனால் எழுத்தின் வடிவம் கையில் பதிந்தது.

குளிர்காலத்தில் வெயில் காய்ந்த ஒரு நாள், மொட்டைமாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான், அவர் பாராட்டினார். சற்று நின்ற சிறுவன், தனக்கு எழுத வருகிறதென்று மகிழ்ச்சியால் கூவினான். தரையில் மண்டியிட்டு முதலில் கை என்னும் சொல்லையும், பிறகு புகைபோக்கி, கூரை என்னும் சொற்களையும் தன் தாய்மொழியில் எழுதினான். சூழ்ந்து நின்ற மற்றக் குழந்தைகளும் சுண்ணக்கட்டி கேட்டு எழுதலாயினர்.

அரிசியிலும் மணலிலும் விரல்பிடித்து எழுதப் பழக்கும் மரபுடைய தமிழ்நாட்டிற்கு மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு வந்தார். சென்னை அடையாற்றில், ஓலைக் கொட்டகைகளில் சுமார் முந்நூறு பேருக்குப் பயிற்சி அளித்தார். போரின் காரணமாக நாடு திரும்ப இயலாத நிலையிலும் பணியைக் கைவிடாமல், கொடைக்கானலில் தங்கியும் கற்பித்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார். குழந்தையின் கோணல் கோட்டைக் குறையாகக் கருதாமல் எழுத்தின் தொடக்கமாகக் கண்ட பெருமை அவருக்குரியது.

சொற்பொருள்
முடைதல் – பின்னுதல்
சுண்ணக்கட்டி – சாக்குக்கட்டி
உப்புத்தாள் – சொரசொரப்பான தேய்ப்புத்தாள்

வினாக்கள்
1. தையல் வராத சிறுமிக்கு மாண்டிசோரி எவ்வாறு உதவினார்?
2. எழுதுவதற்கு வரைதல் எவ்வாறு துணைசெய்கிறது?
3. ஸ்ரீராம்புரத்தில் உங்கள் வீட்டருகே உள்ள சிறு குழந்தை ஒன்று வரைவதை உற்றுநோக்கி, அதன் கை அசையும் முறையை ஐந்து வரிகளில் எழுதுக.