ஆற்றைத் திருப்பித் தந்த கர்னல் பென்னிகுவிக்

ஐயா துணை

தை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கர்னல் ஜான் பென்னிகுவிக் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அவர் பெயரை ஒன்றுபோலச் சொல்கிறார்கள். அவர் வந்தது வேறு தேசம், கும்பிட்டது வேறு மதம். அதை இங்கே யாரும் குறையாக எண்ணியதில்லை.

அவர் பிறந்தது 1841 ஜனவரி 15ல், பூனா நகரில். தகப்பனார் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1849ல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் தகப்பனாரும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். ஜானுக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை. போர் தன் வீட்டிலிருந்து இரண்டு உயிரை எடுத்த தேசத்துக்கே, இங்கிலாந்தில் படித்து முடித்து ராணுவப் பொறியாளராகத் திரும்பி வந்தார்.

1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்டினியால் வாடியது. பெரியாறு மட்டும் மலைக்கு மேற்கே பெருகி ஓடிக் கடலில் கலந்தது. அதை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் எண்ணம் பழையது. திட்டமாக வகுத்து நிறைவேற்றியவர் பென்னிகுவிக்.

1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை சர்க்காரும் 999 வருஷக் குத்தகை எழுதிக்கொண்டன. மறுவருஷம் வேலை தொடங்கியது. அடர்ந்த காடு, காட்டு யானை, விடாத மழை. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மறுபடி கட்டினார்கள். மலேரியாக் காய்ச்சலில் பல நூறு பேர் இறந்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் சேர்த்து எழுப்பிய அந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. தண்ணீர் குகைவழியே இறங்கி வைகையில் சேர்ந்தது. கம்பமும் உத்தமபாளையமும் இருபோகம் கண்டன. பென்னிகுவிக் 1911 மார்ச் 9ல் இங்கிலாந்தில் காலமானார்.

அவர் மறைந்து நூறு வருஷம் ஆனபோது அந்த அணையே பகைக்குக் காரணமானது. வெள்ளைக்கார சர்க்கார் தன் பலத்தால் எழுதி வாங்கிய குத்தகை என்று மேற்கே மனக்குறை. இந்தத் தண்ணீர்தான் பிழைப்பு என்று கிழக்கே உரிமை. பழைய அணை உடையுமோ என்று அவர்களுக்குப் பயம். தண்ணீர் குறையுமோ என்று இவர்களுக்குப் பயம். பயப்படுவது குற்றமல்ல. அந்தப் பயத்தை அரசியல் கையில் எடுத்து, நாம், அவர்கள் என்று கோடு கிழித்ததில்தான் பகை முளைத்தது.

அந்தக் கோடு கோவில் வாசல் வரைக்கும் வந்தது. 2011 டிசம்பரில் குமுளிப் பாதையில் போக்குவரத்து நின்றது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வேறு வழியில் சுற்றிப் போனார்கள். மலைக்கு இருபுறமும் கும்பிடுகிற சாமி ஒன்றே; ஆனாலும் வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்துப் பகைத்தார்கள். எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோவிலும் எந்த மாநிலத்து மண்ணில் இருக்கிறது என்ற வழக்கில் சிக்கியிருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று இரண்டு மாநிலப் போலீஸ் காவலில்தான் தரிசனம். 2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு நீர்மட்டத்தைச் சொல்லும். மனசில் விழுந்த கோட்டை மக்கள்தான் அழிக்க வேண்டும்.

சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் ஐயா பதினெண் சாதியையும் ஒன்றாக நிறுத்தித் தண்ணீர் வார்த்தார். குகைவழி வரும் பெரியாற்றுத் தண்ணீரும் எந்த வயலிலும் சாதி கேட்டுப் பாய்வதில்லை. ஓட்டுக் கேட்டு வருபவர் சாமியின் பெயரால் பக்கத்து ஊர்க்காரரைப் பகைக்கச் சொன்னால், அன்புக்கொடி மக்கள் இந்தத் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டும். பொறுமையும் அன்பும் உள்ள இடத்தில்தான் தர்மம் நிலைக்கும்.

ஐயா உண்டு.