வைசூரிக்கு அஞ்சாத அடிகளார்

புனித யோசப் வாஸ் அடிகளாரை ஆலயங்களில் திருச்சுரூபமாகவே நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வைத்தியத் தொழிலில் இருக்கும் நாமோ, கைவிடப்பட்ட நோயாளரைப் பராமரித்தவராக அவரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாவுலிமில் பிறந்த அவர், 1676இல் குருவானார். சமயத்துக்காக உயிரை விலையாகக் கொடுத்த காலம் அது. மாறுவேடத்தில் மறைந்து பணியாற்றிய அயர்லாந்துப் பேராயர் ஒலிவர் பிளங்கெட் 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். இலங்கையிலும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தனர்.

குருக்களின்றித் தவித்த இம்மக்களைத் தேடி, 1687இல் யோவான் என்னும் துணையாளுடன் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தார். பயணத்தில் கண்ட வயிற்றுளைவால் மிகவும் மெலிந்திருந்தார். குணமானதும் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரவுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

1692இல் கண்டி இராச்சியத்துக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். நாளடைவில் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது நேர்மையை உணர்ந்தான். கிறிஸ்தவரான ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் பௌத்த அரசே புகலிடமாயிற்று.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னனும் வசதி படைத்தோரும் நகரை விட்டு நீங்கினர்; நோயாளரைச் சொந்தவீட்டாரே வெளியே விட்டனர். அடிகளாரும் அவரது மருமகனான கார்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்றனர். வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் சேர்த்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். எவரிடமும் சமயம் கேட்கவில்லை.

ஜென்னரின் அம்மைப்பால் வர இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. மருந்தென்று எதுவும் இல்லை. ஆயினும் தண்ணீர் கொடுக்க ஆளின்றியே மடிந்திருக்கக்கூடிய பலர், அப்பராமரிப்பால் பிழைத்தனர் என நாம் எண்ணுகிறோம். குணப்படுத்த முடியாத வேளையிலும் நோயாளரின் அருகில் இருப்பது வைத்தியமே. கொவிட் காலத்து விடுதிகளில் நாமும் அதையே கண்டோம். மன்னன் அதன்பின் அவருக்குத் தடையற்ற சுதந்திரம் அளித்தான். மறையுரைகளைவிட அத்தொண்டே அதைப் பெற்றுத்தந்தது.

கோவாவுக்குத் திரும்பாமலே 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். எத்தேசத்தில் வாழ்ந்தாலும், எல்லோரும் விலகிப்போகும் ஒரு கட்டிலருகே துணிந்து அமரும் பழைய மாணவி, அவர் வழியில் நடப்பவளே.