கலியுக வீமன் கோடி இராமமூர்த்தி

உடல் பருத்தவனே வலியவன் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. மெலிந்த பிள்ளையைக் கண்டு இரங்குகிறோம். கொழுகொழுவென்ற பிள்ளையைக் கண்டு மகிழ்கிறோம். இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் சரக்கின் எடையை ஏட்டில் பதியும் நாம் ஒன்றை அறிவோம். நிறுவைப் பொறி பாரத்தைக் காட்டும், வலிமையைக் காட்டாது. வலிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதை உணர்த்த, ஆந்திர நாடு ஈன்ற கோடி இராமமூர்த்தி நாயுடு அவர்களின் வாழ்க்கை ஒன்றே போதும்.

நாம் குடியேறி வாழும் சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தின் தென்கோடி. அவர் 1882-ஆம் ஆண்டில் தோன்றிய வீரகட்டம் அதன் வடகோடி. அந்நாளில் இவையனைத்தும் ஒரே சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தன. இளமையிலேயே தாயை இழந்த அவர், விஜயநகரத்தில் இருந்த தம் சிற்றப்பாவின் இல்லத்தில் வளர்ந்தார். ஏட்டுக் கல்வியைவிட மற்பயிற்சியிலேயே அவருடைய மனம் சென்றது. அதனைக் கண்ட பெரியோர் அவரைக் கடிந்து ஒதுக்கவில்லை. உடற்பயிற்சிக் கல்வி பெறுமாறு சென்னை சைதாப்பேட்டைக்கு அனுப்பினர். ஓராண்டு பயின்று திரும்பியவர் விஜயநகரத்திலேயே உடற்பயிற்சி ஆசிரியராக அமர்ந்தார். ஆகவே, உலகம் வியந்த அப்பெருவீரர் முதற்கண் ஓர் ஆசிரியரே என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் நண்பர்களின் துணைகொண்டு சர்க்கஸ் குழு ஒன்றைத் தொடங்கி நாடெங்கும் சுற்றினார். மார்பிலே இரும்புச் சங்கிலியைப் பிணித்து, மூச்சை உள்ளிழுத்து, அச்சங்கிலி தெறித்து அறுமாறு செய்வார். மோட்டார் வண்டிகளைத் தம் உடலோடு பிணித்து அவை நகராதபடி நிறுத்துவார். மார்பின்மீது பலகையிட்டு அதன்மேல் யானையை ஏற்றுவார். புனா நகரில் இக்காட்சியைக் கண்டு மகிழ்ந்த லோகமான்ய திலகர் அவருக்கு மல்ல மார்த்தாண்டர் என்னும் பட்டத்தை வழங்கினார் என்பர். இலண்டன் சென்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையிலும் தம் ஆற்றலைக் காட்டினார். மேனாட்டுப் பலவானாகிய சாண்டோ 1904, 1905-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிற்கு வந்து புகழ் பரப்பிச் சென்ற காலம் அது. நம் நாட்டினர் இராமமூர்த்தியை இந்திய சாண்டோ என்றனர். கலியுக வீமன் என்றும் போற்றினர்.

புராண வீமனோ பெருந்தீனியன். இவரோ புலால் உண்ணாதவர். பிராணாயாமத்தையும் யோகத்தையும் விடாது பழகியவர். யானையைத் தாங்கிய வித்தையில் பலகை பாரத்தைப் பரவச் செய்தது. காற்று நிறைந்த மார்பும் இறுகிய தசைகளும் அதனைத் தாங்கின. பல்லாண்டுப் பழக்கமே இதற்கு அடிப்படை. மூச்சையடக்கிப் பாரம் தாங்குங்கால் இரத்த அழுத்தம் மிகும் என்பதால், தக்க ஆசிரியர் இன்றி எவரும் இதனைச் செய்து பார்த்தல் கூடாது.

இன்றைய அறிவியலும் இவ்வுண்மையையே கூறுகிறது. ஒருவருடைய உருவம் எல்லாப் பக்கமும் இருமடங்கு ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். எடை எட்டு மடங்காகும். தசையின் குறுக்குப்பரப்போ நான்கு மடங்கே ஆகும். வலிமை அக்குறுக்குப்பரப்பையும், தசையை ஏவும் நரம்புகளின் பழக்கத்தையும் பொறுத்தது. ஆதலின் எடை பெருகிய அளவுக்கு வலிமை பெருகுவதில்லை. பளுதூக்கும் போட்டிகளில் எடைப் பிரிவுகள் வகுத்திருப்பதும், சமமான உடல் உடையோரே தம்முள் பொருதல் வேண்டும் என்பதற்காகவே. இராமமூர்த்தி பிறந்த அதே சிறீகாகுளப் பகுதியில், ஆமதாலவலசையில் வளர்ந்த கர்ணம் மல்லேசுவரி, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. வலிமை ஆண்மக்களுக்கே உரியது என்று எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.

இராமமூர்த்தியின் இறுதிக் காலம் துயர் நிறைந்தது. காலில் நேர்ந்த நோயினால் அக்காலையே இழந்தார். யானையைத் தாங்கிய மார்பும் நோயைத் தடுக்க இயலவில்லை. ஈட்டிய பெரும்பொருளில் பெரும்பகுதியைப் பிறர்க்கு வழங்கிவிட்டு, 1942-ஆம் ஆண்டில், இன்றைய ஒடிசாவைச் சேர்ந்த பலாங்கீரில் மறைந்தார். விசாகப்பட்டினக் கடற்கரையில் அவருடைய சிலை நிற்கிறது. சிறீகாகுளத்து விளையாட்டரங்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. உடல் அழிந்தது, அவர் ஊட்டிய ஊக்கம் அழியவில்லை.

அன்பர்களே! திருமலையில் எடைக்கு எடை காணிக்கை செலுத்தும் துலாபாரம் நடைபெறுவதை நாம் அறிவோம். ஆனால் அம்மலைக்கு அலிபிரியிலிருந்து செல்லும் சுமார் 3,550 படிகளும் மற்றொரு துலாக்கோல் அன்றோ! அங்கே ஒவ்வொருவரும் தம் எடையைத் தாமே சுமந்து ஏறுகின்றனர். வயது முதிர்ந்த மெலிந்த மூதாட்டியார் இறைவன் திருப்பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறிவிட, பருத்த இளைஞர் மூச்சு வாங்கி அமர்வதை நாம் கண்டதில்லையா?

ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்தும் நாம், நம் காலனிச் சிறுவர் சிறுமியர்க்கு உடற்பயிற்சிப் போட்டியும் நடத்துதல் நன்று. மெலிந்த பிள்ளையை எள்ளாமலும், பருத்த பிள்ளையைப் பழியாமலும், கடையில் விற்கும் சத்து மாவுகளையே நம்பாமலும், நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களை மைதானத்திற்கு அனுப்புவோம். விஜயநகரத்துச் சிற்றப்பா ஒருவர் தம் வீட்டுப் பிள்ளையின் விருப்பம் அறிந்து வழிவிட்டதனாலன்றோ உலகிற்கு ஒரு வீமன் கிடைத்தான்! நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வழியை நாம் திறந்துவிடுவோமாக.